உப்புக் காற்றுக்கு எது தாங்கும்: ஜிப்சியா, பழைய மஹிந்திரா ஜீப்பா?

இராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய ஃபோர் வீல் வண்டி தேடுகிறவர்கள் முதலில் விசாரிப்பது எஞ்சினைத்தான். எத்தனை சிசி, மைலேஜ் என்ன, இழுவை எப்படி என்றுதான் பேச்சு போகும். தொண்டியிலிருந்து மூக்கையூர் வரைக்கும் நீளும் இந்தக் கரையில் அதெல்லாம் இரண்டாம் கேள்வி. எஞ்சினை இறக்கி வேலை பார்த்து ஏற்றிவிடலாம். உப்பு தின்ற சேஸிஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, என்ன செய்வது? அதனால் இந்த அலசலில் துருவுக்குத்தான் மதிப்பெண் அதிகம்.

கையில் கிடைக்கக்கூடியவை மூன்று. 1985இல் வந்த மாருதி ஜிப்சி முதலாவது: ஆரம்பத்தில் 970 சிசி, 1996இலிருந்து 1,298 சிசி ‘கிங்’, அப்புறம் கார்புரேட்டருக்குப் பதில் எலக்ட்ரானிக் முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும், 80 குதிரைத்திறன் கொண்ட எம்.பி.எஃப்.ஐ. பிரெஞ்சு கம்பெனியான பீஜோவின் டீசல் எஞ்சின் போட்ட மஹிந்திரா எம்.எம். 540, 550 வகையறா இரண்டாவது. 2010 முதல் 2020 வரை வந்த முதல் தலைமுறை மஹிந்திரா தார் மூன்றாவது.

மணலில்

தனுஷ்கோடி தாண்டி நிலம் முடியும் அரிச்சல்முனைக்குத் தார்ச்சாலை 2017இல்தான் திறந்தார்கள். அதற்கு முன் முகுந்தராயர் சத்திரத்தோடு சாலை முடிந்துவிடும். அங்கிருந்து ஜீப்பும் வேனும்தான் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஈர மணலில் தனுஷ்கோடிக்குப் போகும். இன்றைக்குத் தனுஷ்கோடியைப் பார்ப்பதற்காக ஃபோர் வீல் வண்டி யாருக்கும் தேவையில்லை. தோப்புக்கும் உப்பளத்துக்கும் கரையோரக் குடியிருப்புக்கும் போகிறவர்களுக்குத் தேவை இருக்கிறது. ஆசைக்கு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்; அதில் தப்பொன்றும் இல்லை.

மணலில் ஜெயிப்பது எடை குறைந்த வண்டி. ஜிப்சி ஏறக்குறைய ஒரு டன்தான். டயரில் காற்றை 15–18 பிஎஸ்ஐக்கு இறக்கி, முன் சக்கரங்களுக்கும் இழுவை போகும்படி ஹப்பைப் பூட்டி, லோ கியரில் போட்டால் புதை மணலின் மேலேயே மிதந்து போய்விடும். மஹிந்திராவுக்கு மூக்கில் இரும்பு டீசல் எஞ்சின். கம்பெனி டயரோ ஒல்லியான 6.00-16. அது மணலை அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கும். ஆனால் ஓட்டுகிற கை புதிது என்றால் கதை மாறும். ஜிப்சியின் இழுவை முழுதாக வருவது எஞ்சின் வேகமாகச் சுற்றும்போதுதான். வேகம் விட்டுப்போனதும் பதறி ஆக்சிலேட்டரை மிதித்தால், அச்சு தரையைத் தொடும்வரை சக்கரம் குழி தோண்டும். பீஜோ டீசல் தாழ்ந்த சுற்றிலேயே இழுக்கும். அவசரமில்லாமல் ஊர்ந்துகொண்டே வெளியே வரலாம்.

காற்றை இறக்கியபடியே சீமைக்கருவேலங்காட்டுக்குள் திரும்பிவிடாதீர்கள். டயரின் பக்கவாட்டில் முள் ஏறினால் பஞ்சர் கடைக்காரரும் கையை விரித்துவிடுவார். வண்டியிலேயே ஒரு காற்றடிக்கும் பம்ப் இருக்கட்டும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடலாமை முட்டையிடும் காலம். அப்போது கரை மணலில் சக்கரம் இறங்கவே கூடாது.

துருவில்

ஜிப்சி தோற்கும் இடம் இது. பின் கமான் பட்டையைத் தாங்கும் கொக்கிகள், பாடி சேஸிஸில் உட்காரும் இடங்கள், ஓட்டுநர் மிதியடிக்குக் கீழே இருக்கும் தரைத் தகடு என்று மூன்று இடத்திலும் துரு உள்ளிருந்து கிளம்பும். பெட்டி போல மூடிய சேஸிஸ் என்பதால் புது பெயிண்டுக்கு அடியில் என்ன இருக்கிறதென்று கண்ணுக்குத் தெரியாது. சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்டால் நல்ல இரும்பு, பொத்தென்று கேட்டால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். அடியில் புதிதாகக் கறுப்பு பெயிண்ட் அடித்துப் பளபளவென்று நிற்கும் வண்டியை ஒருபடி கூடுதலாகவே சந்தேகப்படலாம்.

பழைய ஜீப்பும் துருப்பிடிக்கத்தான் செய்யும். ஆனால் அதன் பாடி தட்டையான தகடும் நேர் மடிப்பும்தான். ஓரளவு கைத்திறமையுள்ள டிங்கர் அழுகிய பகுதியை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்துவிடுவார். ஜிப்சிக்கு அப்படி ஒட்டுப்போட்டால் கதவு ஒழுங்காக மூடாது.

எதை வாங்கினாலும் இந்தக் கரையிலேயே வளர்ந்த வண்டி வேண்டாம். இராமநாதபுரத்தின் டி.என். 65 பதிவெண்ணைப் பார்த்ததும் ‘நம்ம ஊர் வண்டி’ என்று மனசு இளகும், இளக விடாதீர்கள். போடி, கம்பம், குமுளிப் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போன ஜீப்புகளைப் பாருங்கள். கிளட்சும் கியரும் பிரேக்கும் தேய்ந்து போயிருக்கும், ஆனால் உப்புக் காற்று பட்டிருக்காது. தேய்ந்ததை மாற்றிக்கொள்ளலாம்.

பட்டறையில்

நம் கரையில் பாம்பன், மண்டபம், இராமேசுவரம் என்று விசைப்படகு இருக்கும் ஊரிலெல்லாம் டீசல் எஞ்சின் தெரிந்த கை உண்டு. நாசில் கழுவுவது, பம்ப் பார்ப்பது, ஹெட்டை இறக்குவது அவர்களுக்கு அன்றாட வேலை. பீஜோ எஞ்சினில் எலக்ட்ரானிக்ஸ் கிடையாது. டீசல் பம்பின் அளவைச் சரிசெய்து (கேலிப்ரேஷன்), ஹீட்டர் பிளக்குகளைச் சோதித்து, வால்வு இடைவெளியைச் சரிசெய்தால் (டேப்பட்) டியூனிங்கில் முக்கால்வாசி முடிந்தது. வாங்கும்போது மட்டும் எஞ்சின் ஆறியிருக்கும்போதே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்து போய்விட்டதென்று அர்த்தம். விலையில் அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

ஜிப்சியின் கார்புரேட்டரைச் சரியாக வைக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அதைவிட எம்.பி.எஃப்.ஐ. தேவலை. ஆனால் உப்புக் காற்றில் சென்சார் கனெக்டர்கள் பச்சை பூத்துவிடும். அவ்வப்போது கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் தடவ வேண்டும். அலுமினிய எஞ்சின் ஆகையால் ஒருமுறை அளவுக்கு மீறிச் சூடேறினாலும் செலவு பெரிது. வாங்கியதும் டைமிங் பெல்ட், ரேடியேட்டர், ஹோஸ் மூன்றையும் மாற்றிவிட்டு அப்புறம் மணலைப் பற்றி யோசியுங்கள். பெட்ரோலும் நிறையக் குடிக்கும். மணலில் லிட்டருக்குப் பத்து கிலோமீட்டரை மறந்துவிடுங்கள்.

இரண்டுக்கும் பொதுவான வேலைகள் சில உண்டு. அச்சுக்குள் தண்ணீர் போகாமலிருக்க அதன் மூச்சுக்குழாயை ஹோஸ் போட்டு உயரத்துக்குக் கொண்டுபோங்கள். கடல் தண்ணீர் பட்டுவிட்டால் அச்சின் நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலைத் திறந்து ஆயிலைப் பாருங்கள். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் உடனே மாற்றியாக வேண்டும். பிரேக் டிரம்மைக் கழற்றி மணலைத் தட்டுங்கள். அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். குடிதண்ணீரையே குடம் கணக்கில் விலைக்கு வாங்கும் ஊர்களில் இதைச் சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் பாதி ஊர்க் கிணறு உப்பு. அதில் கழுவுவதும் கடலில் கழுவுவதும் ஒன்றுதான். பழைய எஞ்சின் ஆயிலை அடியில் பீய்ச்சும் பழக்கம் ரப்பர் புஷ்களை ஊறவைத்துக் கெடுக்கும். சேஸிஸுக்கு உள்ளே மெழுகுப் பூச்சு அடிப்பதே நல்லது.

காமன் ரெயில் (எலக்ட்ரானிக் முறையில் டீசலைப் பீய்ச்சும்) எஞ்சின் போட்ட தார் 105 குதிரைத்திறன், 247 என்.எம். இழுவை. நெடுஞ்சாலையில் மதுரைக்குப் போய்வர இந்த மூன்றில் அதுதான் சுகம். ஆனால் காமன் ரெயில் எலக்ட்ரானிக்ஸைப் படகு மெக்கானிக்கிடம் கொண்டுபோக முடியாது. விலையும் ஜாஸ்தி.

என் ஓட்டு மலையிலிருந்து இறக்கிய பீஜோ ஜீப்புக்கு. வாரக்கடைசி மணலுக்கு மட்டும், வீட்டில் மூடிய ஷெட்டும் நல்ல தண்ணீரும் இருந்தால் எம்.பி.எஃப்.ஐ. ஜிப்சி.

பணம் கைமாறும் முன் ஆர்.சி.யில் உள்ள எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் வண்டியில் வெட்டியிருப்பதோடு ஒத்துப் பாருங்கள். ஹரியானாவின் மண்டி டப்வாலியில் கட்டி அனுப்பும் ஜீப்புகள் பார்க்க ஜோராக இருக்கும். அவற்றின் காகிதத்தை இரண்டு தடவை பாருங்கள். வேறு கம்பெனி எஞ்சின் ஏறியிருந்து ஆர்.சி.யில் அது பதிவாகவில்லை என்றால் தகுதிச் சான்றுக்கான எஃப்.சி. சோதனையில் மாட்டுவீர்கள். கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்திருக்கிறது. பதினைந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பசுமை வரியும் சேரும். அந்தத் தேதி எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதென்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.