முள்ளங்கி, பீட்ரூட், கேரட்: ஆடியில் விதைப்பதா, மார்கழியிலா?

ஆடி பிறந்தாலே வடசென்னையில் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் விதைப் பாக்கெட்டோடு கிளம்பிவிடுகிறோம். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது அவரைக்கும் புடலைக்கும் சரி. முள்ளங்கி, பீட்ரூட், கேரட் என்றால் நான் மார்கழிக் கட்சி. இரண்டு பட்டத்திலும் விதைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

வெயில் கணக்கு தெரிந்ததுதான். ஆடி, ஆவணியில் பகல் வெப்பம் 35 டிகிரியைத் தொடும். முள்ளங்கி காரமேறி, உள்ளே நெட்டியாகிவிடும். கேரட் நன்றாக நிறம் பிடிக்க 15 முதல் 20 டிகிரி வேண்டும்; இங்கே அதை ஓரளவாவது நெருங்குவது மார்கழி, தை இரவுகள்தான். மழையும் ஆடிக்கு எதிர்க்கட்சி. ஆடிக் கடைசியில் விதைத்த 90 நாள் கேரட் ஐப்பசி மழையில் மாட்டிக்கொள்ளும். நீர் தேங்கினால் அழுகல், காய்ந்த மண்ணில் திடீரென்று நீர் ஏறினால் வெடிப்பு.

இதையெல்லாம் பையை நகர்த்தி, நிழல்வலை கட்டிச் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது போர் தண்ணீரின் உப்பு. வடசென்னைக்காரர்கள் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

மீஞ்சூர், எண்ணூர் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறியிருப்பது பல வருடக் கதை. கோடை முழுக்க இறைத்தபின், ஆடியில் போர் தண்ணீர் நன்றாகவே கரிக்கும். அதை நாள்தோறும் பையில் ஊற்றினால் நீர் ஆவியாகிப் போகும், உப்பு மண்ணிலேயே தங்கும். பையின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருப்பது அதுதான். உப்பேறிய மண்ணில் விதை நீரை இழுக்கத் திணறும். முளைப்பு பாதியாகும், வந்த நாற்றும் இலை ஓரம் கருகும். மூன்றில் பீட்ரூட் மட்டும் தாக்குப்பிடிக்கும், அதன் மூதாதை கடலோரச் செடி. மண்ணில் உப்பு கூடக்கூட அதன் மின்கடத்துதிறனும் கூடும்; அந்த அளவு (dS/m) ஏறக்குறைய 4 ஆகும்வரை பீட்ரூட்டின் விளைச்சல் குறையாது. முள்ளங்கிக்கு 1.2, கேரட்டுக்கு 1 தாண்டினாலே அடி விழும். முளைக்கும் பருவத்தில் மட்டும் பீட்ரூட்டும் உப்புக்கு வாடும்.

மார்கழியில் இந்தத் தொல்லை பெருமளவு தீர்ந்திருக்கும். வடகிழக்குப் பருவமழை பையில் சேர்ந்த உப்பை அடித்துளை வழியாகக் கழுவி விட்டிருக்கும். பல வீடுகளில் போர் தண்ணீரின் கரிப்பும் குறைந்திருக்கும். அதனால் காலிப் பைகளை மழைக்கு மூடாமல் திறந்தே வையுங்கள். அப்புறம் மண்ணைக் கிளறி மட்கிய உரம் கலந்தால் விதைக்கலாம்.

அவசரப்பட்டுக் கார்த்திகையிலேயே விதைக்க வேண்டாம். 'கார்த்திகைக்குப் பின் மழை இல்லை' என்பார்கள்; அதாவது கார்த்திகை முடியும்வரை மழையை நம்ப முடியாது. 2015 பெருவெள்ளமும் 2023 மிக்ஜாம் புயலும் டிசம்பர் முதல் வாரத்தில், கார்த்திகைக்குள்தான் வந்தன. மார்கழி முதல் வாரத்தில் விதைத்தால் முள்ளங்கி தைக் கடைசியில், பீட்ரூட் மாசியில், கேரட் பங்குனி வெயில் ஏறும் முன் கைக்கு வந்துவிடும். தை பாதி தாண்டிவிட்டால் கேரட்டை விட்டுவிடுங்கள்.

ஆடியிலும் விதைத்தே ஆக வேண்டுமென்றால் ஒரே வழி, வெயில் தாங்கும் பூசா சேத்கி முள்ளங்கி. அதுவும் மெட்ரோ தண்ணீர் (குடிநீர் வாரியத் தண்ணீர்) தாராளமாக வரும் வீட்டில். சுமார் 45 நாளில், பெருமழைக்கு முன் பிடுங்கிவிடலாம். பெரம்பூர், மாதவரம் போலக் கடலுக்குத் தள்ளியிருக்கும் வீடுகளில் தண்ணீர் கரிக்காவிட்டால் ஆடி இவ்வளவு மோசமாக இருக்காது என்று நினைக்கிறேன். நான் விதைத்தது கடலோரத் தெருவில், மாடிப் பையில். தரைப் பாத்திக்கு இதே கணக்கு அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

எந்தப் பட்டமானாலும் ஆர்.ஓ. கழிவுநீரை இந்தச் செடிகளுக்கு ஊற்றாதீர்கள். போர் தண்ணீரைவிட அதில் உப்பு அதிகம். கழுவாத தேங்காய் நார்த்தூளிலும் உப்பு உண்டு. நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்தபின் கலக்குங்கள்.