பூச்சிமருந்து சோதனை அட்டை: சிப்பிக்கு வாங்காதீர்கள்

5க்கு 2 நட்சத்திரம். பெயரைச் சொல்லப்போவதில்லை, இதே மாதிரி அட்டைகள் பல பெயர்களில் வருகின்றன, உள்ளே இருக்கும் சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான். காய்கறியில் பூச்சிமருந்து இருக்கிறதா என்று பார்க்கச் செய்தது. ஆனால் பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் மீன், சிப்பிக்கும் ஆகும் என்று போட்டிருந்தார்கள், அதை நம்பித்தான் வாங்கினேன்.

கயிற்றில் சிப்பி வளர்க்கிறேன். பெருமழைக்கு அப்புறம் வயல் வடிநீர் வந்து கலந்ததும் அவற்றின் போக்கே மாறிவிட்டது. தொட்டதும் பட்டென்று மூடவேண்டியவை யோசித்து யோசித்து மூடின, சில பாதியிலேயே நின்றுவிட்டன.

அட்டையில் இரண்டு வட்டங்கள். வெள்ளையில் கோலினெஸ்டரேஸ் என்ற, நரம்பு வேலைக்கு வேண்டிய நொதி, சிவப்பில் அந்த நொதி உடைக்கவேண்டிய பொருள். வெள்ளையில் சாற்றைச் சொட்டி 10 நிமிடம் விட்டு, அட்டையை மடித்து விரல்சூட்டில் 3 நிமிடம் பிடிக்க வேண்டும். வெள்ளை நீலமானால் நொதி வேலை செய்கிறது, மருந்து இல்லை. வெள்ளையாகவே நின்றால் மருந்து இருக்கிறது. எனக்கு மூன்று அட்டையிலும் பளிச்சென்று நீலம். அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

அதே கயிற்றிலிருந்து எடுத்த ஆறு சிப்பிகளையும், வடிநீர் எட்டாத இடத்திலிருந்து ஆறையும், திசுவை மெல்லியதாக வெட்டி நுண்ணோக்கியில் பார்க்கும் தோழியிடம் கொடுத்திருந்தேன். செரிமானச் சுரப்பியில்தான் விஷயம். நல்ல சிப்பியில் அங்குள்ள நுண்குழல்களின் சுவர் தடிப்பாக இருக்கும், நடுவில் இருக்கும் துளை ஒடுங்கி நட்சத்திரம் போலத் தெரியும். என்னுடையவற்றில் சுவர் மெலிந்து, துளை வட்டமாக அகன்று, ஓட்டை வளையல் மாதிரி கிடந்தது. செவுளில் இழைமயிர்கள் அங்கங்கே உதிர்ந்திருந்தன, இரத்த அணுக்கள் கூட்டமாக வந்து அடைத்திருந்தன. இதற்கு முழுக்கப் பூச்சிமருந்துதான் காரணம் என்று அடித்துச் சொல்லமாட்டேன், பட்டினியும் மழையால் உப்பு இறங்குவதும்கூடச் சுவரை மெலியவைக்கும். ஆனால் உடம்பு இந்த நிலையில் இருக்கும்போது நீல வட்டத்தைப் பார்த்து நான் தூங்கியது தப்பு.

எங்கே கோட்டை விட்டது? இந்த அட்டை பிடிப்பது ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் வகைகளை மட்டும்தான், ஏனென்றால் அந்த நொதியை முடக்குபவை அவை. மற்ற பூச்சிமருந்துகளில் சைபர்மெத்ரின் நரம்பில் சோடியம் போகும் வழியைத் தாக்குகிறது, இமிடாக்ளோபிரிட் நரம்பிலுள்ள ஒரு ஏற்பியில் போய் ஒட்டுகிறது, களைக்கொல்லிகளின் கதையே வேறு. அவை எவ்வளவு இருந்தாலும் வட்டம் நீலமாகத்தான் வரும். ஆர்கனோபாஸ்பேட்டிலும் சிக்கல் உண்டு: அந்த வகையைச் சேர்ந்த குளோர்பைரிபாஸ் அப்படியே இருக்கும்போது நொதியை அவ்வளவாக முடக்காது, உடம்புக்குள் போய் ஆக்சான் என்ற ஆக்ஸிஜனேறிய வடிவமாக மாறிய பிறகுதான் முழு வேகம். சோதனைக்கு முன்னால் அதை ஆக்ஸிஜனேற்றம் செய்யவேண்டும், பெட்டியில் அதற்கான வேதிப்பொருளும் இல்லை, ஒரு வரிக் குறிப்பும் இல்லை.

இன்னொன்று, இதுதான் எனக்கு எரிச்சல். ஒரு அட்டையில் வெள்ளை வட்டத்தைக் கத்தரித்துப் போட்டுவிட்டு, சிவப்பில் மட்டும் சிப்பிச் சாற்றைச் சொட்டினேன். லேசாக நீலம் படர்ந்தது! பக்கத்திலேயே இன்னொரு சிவப்பில் வெறும் வாலைவடிநீரைச் சொட்டினேன், ஒன்றும் ஆகவில்லை. சிப்பியின் சாற்றிலேயே சிவப்பு வட்டத்துப் பொருளை உடைக்கக்கூடிய எஸ்டரேஸ் நொதிகள் உண்டு, அட்டையின் நொதி செய்யவேண்டிய வேலையை அவையே செய்துவிட்டால் நீலத்துக்கு என்ன மதிப்பு?

சிப்பி எப்படி இருக்கிறது என்று தெரியவேண்டுமென்றால் நுண்ணோக்கி கைவசம் உள்ளவர்கள் நியூட்ரல் ரெட் சாயத்தைப் பாருங்கள். மூடுதசையிலிருந்து கொஞ்சம் குருதிநீர் எடுத்து, அணுக்களுக்குள் சாயம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனிப்பது. 120 நிமிடமும் அதற்கு மேலும் நின்றால் நலம், 50க்குக் கீழே போனால் கடும் பாதிப்பு. எந்த மருந்து என்று அது சொல்லாது, அதற்கு ஆய்வகத்துக்கு அனுப்பி, கலந்திருக்கும் பொருட்களைப் பிரித்துக் காட்டும் குரோமட்டோகிராபிதான் செய்யவேண்டும்.

விற்றவரிடம் கேட்டேன். நீலம் என்றால் பாதுகாப்பு என்று பெட்டியில் உள்ள வரியையே திருப்பி அனுப்பினார். பெட்டியைப் பிரித்துவிட்டதால் பணமும் திரும்பாதாம். கொடுத்த இரண்டு நட்சத்திரமும் அட்டைகளைத் தனித்தனியாக ஈரம் படாமல் அடைத்திருந்த அழகுக்குத்தான்.