அனிமேஷனா, கேம் ஆர்ட்டா: ஒரு வாள்வீச்சும் ஒரு பீப்பாயும்

ஒரு பாத்திரம் வாளை ஓங்கி வெட்ட வேண்டும். இதே பயிற்சியை அனிமேஷன் வகுப்பில் ஒரு முறையும் கேம் ஆர்ட் (வீடியோ கேமுக்குள் வரும் உருவங்களையும் பொருள்களையும் செய்யும் கலை) வகுப்பில் ஒரு முறையும் கொடுத்துப் பாருங்கள். வரும் விடைகள் ஒன்றோடொன்று ஒட்டவே ஒட்டாது.

அனிமேஷன் மாணவர் வினாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படம், என்ற கணக்கில் யோசிப்பார். வெட்டுவதற்கு முன் உடம்பு பின்னால் சாயும், தோள் திரும்பும், வாள் தலைக்குப் பின்னே போகும். இந்த ஓங்கலுக்கு மட்டும் 12 ஃபிரேம், அதாவது அரை வினாடி, தாராளமாகக் கொடுக்கலாம். வெட்டு இரண்டு மூன்று ஃபிரேமில் முடிந்துவிடும். ஓங்கிய நேரம்தான் அந்த வெட்டுக்குக் கனத்தைக் கொடுக்கிறது. 'ஆன்டிசிபேஷன்' என்று முதலாண்டிலேயே தலையில் குட்டிக் குட்டிச் சொல்லித்தரும் பாடம் இது.

அதை அப்படியே கேமுக்குள் போட்டால் ஆடுபவர் கன்ட்ரோலரைத் தூக்கி எறிவார். பட்டனை அழுத்தி அரை வினாடி கழித்து வாள் இறங்கினால் "லேக் அடிக்குது" என்பார். ஆகவே ஓங்கலை மூன்று நான்கு ஃபிரேமுக்குச் சுருக்கி, கனத்தையெல்லாம் வெட்டுக்குப் பின்னால் வரும் தள்ளாட்டத்தில் காட்ட வேண்டும். ஆடுபவர் சட்டென்று உருண்டு விலக நினைத்தால் அந்தத் தள்ளாட்டமும் பாதியில் வழிவிட வேண்டும். எதிரியின் வாளுக்கு மட்டும் விதி தலைகீழ். அவன் நிதானமாக, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஓங்கினால்தான் ஆடுபவருக்குத் தப்பிக்க வழி கிடைக்கும். (கனமான ஆயுதத்தின் மந்தத்தையே ருசியாக்கிய கேம்களும் இருக்கின்றன. அது விதி தெரிந்தவர்கள் வேண்டுமென்றே மீறுவது.)

இரண்டு பட்டப்படிப்புக்கும் நடுவில் இருக்கும் உண்மையான கோடு இதுதான். படத்தில் நேரம் உங்கள் கையில் இருக்கிறது. எங்கிருந்து பார்ப்பது, எவ்வளவு நேரம் பார்ப்பது, எதைப் பார்க்காமல் விடுவது எல்லாமே உங்கள் முடிவு. கேமில் அந்த அதிகாரம் ஆடுபவரிடம் போய்விடுகிறது. நீங்கள் உயிரைக் கொடுத்துச் செய்த முகபாவத்தை அவர் முதுகுப்பக்கம் நின்றபடி தவறவிடுவார். நீங்கள் அவசரத்தில் விட்ட கதவுக் கைப்பிடியை மூக்கை ஒட்டி நின்று பார்ப்பார். இந்த இரண்டில் எது உங்களுக்கு எரிச்சல், எது உங்களுக்குச் சவால் என்று யோசித்துவிட்டே விண்ணப்பத்தைத் தொடலாம். எந்த மென்பொருள் சொல்லித்தருகிறார்கள் என்று முதலில் கேட்பவர்கள்தான் அதிகம். அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி.

இனி வகுப்பறைக்குள் போவோம். நல்ல அனிமேஷன் படிப்பின் முதலாண்டு வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சலிப்பாகவே தெரியும். உயிருள்ள மாடலை வைத்து ஓவியம், துள்ளும் பந்து, மாவு மூட்டைக்குக் கோபமும் வெட்கமும் வரவைக்கும் பயிற்சி, நடை. டிஸ்னியில் வேலை பார்த்த ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981-இல் எழுத்தில் தொகுத்த 12 அடிப்படை விதிகளைச் சுற்றித்தான் இன்றும் இந்தப் பாடங்கள் ஓடுகின்றன. பந்துதானே என்று நினைப்பவர்கள் பௌலிங் பந்தையும் பிங்பாங் பந்தையும் ஒரே அளவு வட்டமாக வரைந்து, அசைவை மட்டும் வைத்து வேறுபடுத்திக் காட்டட்டும். முதல் முயற்சியில் இரண்டுமே பலூனாகிவிடும். இரண்டாம் ஆண்டில் வசனத்துக்கு வாயசைப்பு, நடிப்பு, ஸ்டோரிபோர்டு, காமிரா. கடைசியில் ஒரு குறும்படம். பாரிஸின் கோபலான்ஸ் பள்ளியில் பட்டப் படத்தைக் குழுவாகச் செய்கிறார்கள். அமெரிக்காவின் கால்ஆர்ட்ஸில் ஆளுக்கொரு படம் எடுக்கும் மரபு. குழுப் படம் ஸ்டுடியோ வேலைக்குப் பழக்கும். தனிப் படம் உங்களுக்குச் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்பதை இரக்கமில்லாமல் காட்டிக்கொடுக்கும். எனக்குக் குழுப் படத்தின் பக்கம்தான் சாய்வு. தனிப் படத்தில் முக்கால்வாசி நேரம் கதையைத் திருத்துவதிலேயே போய், அசைவு அரைகுறையாக நிற்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேம் ஆர்ட் படிப்பில் சேருகிறவர்களுக்கு ஒரு அதிர்ச்சி காத்திருக்கிறது. அங்கே அசைவைவிடப் பொருளுக்குத்தான் அதிக நேரம். சுவர், பாறை, பெட்டி, துப்பாக்கி, செடி, கவசம். பாத்திரங்களுக்கு உயிரூட்டப் போகிறோம் என்ற கனவோடு வந்து, ஒரு பருவம் முழுக்க மரப் பீப்பாய் செய்துகொண்டிருப்பவர்கள் ஏராளம்.

அந்தப் பீப்பாயைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். முதலில் அதை லட்சக்கணக்கான பாலிகன்களில், அதாவது சின்னச் சின்னத் தட்டை முகங்களில், செதுக்குகிறார்கள்; மரத்தின் ரேகை, ஆணித் தலையின் பள்ளம், இரும்புப் பட்டையின் துரு வரை. பிறகு அதன் மேல் ஆயிரம், இரண்டாயிரம் பாலிகன்களில் எளிய கூடு ஒன்றைப் புதிதாகக் கட்டுகிறார்கள். அந்தக் கூட்டின் தோலை ஆரஞ்சுப் பழம் உரிப்பதுபோல் உரித்துத் தட்டையாக விரிப்பதற்கு யூவி என்று பெயர். செதுக்கலில் இருந்த மேடுபள்ளங்களை நார்மல் மேப் என்ற படமாகச் சுட்டெடுத்து, 'பேக்' செய்து, இந்தத் தோலில் ஒட்டுகிறார்கள். ஒளி அதில் பட்டதும் இல்லாத பள்ளம் இருப்பதாகக் கண் ஏமாறும். இப்படித் தோலில் ஒட்டும் படமான டெக்ஸ்ச்சரின் அளவு 1024, 2048, 4096 பிக்சல் என்று இரண்டின் அடுக்குகளில் போகும். தூரத்தில் தெரியும்போது காட்ட இன்னும் எளிய இரண்டு மூன்று பீப்பாய்கள், மோதினால் நிற்க வைக்கக் கண்ணுக்குத் தெரியாத ஒரு சுவர். இவ்வளவும் முடிந்த பிறகுதான் பீப்பாய், கேமை ஓட்டும் மென்பொருளான எஞ்சினுக்குள் போகிறது.

ஏன் இத்தனை கஞ்சத்தனம்? வினாடிக்கு 60 ஃபிரேம் ஓட வேண்டுமென்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லி வினாடி. அதற்குள் எதிரி யோசிக்க வேண்டும், கல் உருள வேண்டும், ஒலி கேட்க வேண்டும், பீப்பாயும் வரையப்பட வேண்டும். திரைப்படத்தில் ஒரே ஃபிரேமை ரெண்டர் செய்ய, அதாவது முழுப் படமாக வரைந்தெடுக்க, கணினி மணிக்கணக்கில் எடுத்துக்கொண்டாலும் தியேட்டரில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியப்போவதில்லை. 2022-இல் வந்த அன்ரியல் எஞ்சின் 5-இன் நானைட் என்ற வசதி பாலிகன் கணக்கைப் பெரிதும் தளர்த்திவிட்டது. ஆனால் நினைவக அளவு, வெளிச்சத்தின் செலவு, மொபைல் போனின் சூடு எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. பீப்பாய்ப் பாடம் இன்னும் கொஞ்ச காலம் தாங்கும்.

மதிப்பிடும் முறையிலும் இந்த வித்தியாசம் தெரியும். அனிமேஷன் ஆசிரியர் ஷாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, "இந்த இடத்தில் இடுப்பு முந்துகிறது" என்பார். திரைக்குப் பின்னால் என்ன அலங்கோலம் இருந்தாலும் கேட்க மாட்டார். கேமராவுக்குத் தெரியாத கை முறுக்கிக்கொண்டு நின்றால்கூடப் பரவாயில்லை. கேம் ஆர்ட் ஆசிரியர் அழகான மாடலைப் பார்த்ததும் சொல்லும் முதல் வார்த்தை, "வயர்ஃபிரேமைப் போடு." பாலிகன்களின் ஓரங்களை மட்டும் காட்டும் கோட்டுப்படம் அது. உள்ளே கோடுகள் எப்படி ஓடுகின்றன, எங்கே வீணாக்கியிருக்கிறாய் என்பதுதான் மதிப்பெண். ஒழுங்கில் இன்பம் காண்பவர்களுக்கு இது சொர்க்கம். மற்றவர்களுக்கு வருமான வரிப் படிவம் நிரப்புகிற மாதிரி.

கேம் ஆர்ட் விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அதே வளாகத்தில் புரோகிராமிங் படிக்கும் மாணவர்கள் இல்லையென்றால், அவர்களோடு சேர்ந்து கேம் செய்ய ஏற்பாடு இல்லையென்றால், அந்தப் படிப்பு பாதிப் படிப்புதான். 2005-இல் டிஜிபென் கல்லூரி மாணவர்கள் குழுவாகச் செய்த நார்பாகுலர் டிராப் என்ற சின்னக் கேமைப் பார்த்து வால்வ் என்ற கேம் நிறுவனம் அந்தக் குழுவையே வேலைக்கு எடுத்துக்கொண்டது. இரண்டு ஆண்டில் அந்த யோசனை போர்ட்டல் என்ற கேமாக வெளிவந்தது. எல்லோருக்கும் இப்படி வாய்க்காது. ஆனால் "உன் டெக்ஸ்ச்சரால் என் கேம் திணறுகிறது" என்று சக மாணவன் ஒருவன் வந்து சண்டை போடும் அனுபவம் வாய்க்க வேண்டும். அழகான படம் போட்டுப் பாராட்டு வாங்கும் வகுப்பில் அது கிடைக்காது.

மூன்றாவதாக, இரண்டையும் ஒரே பட்டத்தில் கட்டித்தரும் படிப்புகள். பெயரைக் கேட்டால் ஆதாயம்போல் இருக்கும். மூன்று நான்கு ஆண்டுகளை இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் என்ன மிஞ்சும் என்பதுதான் கேள்வி. இப்படிப் படித்தவர்களின் போர்ட்ஃபோலியோவில் ஒரு நடை, ஒரு பீப்பாய், ஒரு முகச் சித்திரம், ஒரு லோகோ இருக்கும். நான்குமே "பரவாயில்லை" ரகம். வேலைக்கு ஆள் எடுப்பவர் போர்ட்ஃபோலியோவை அதன் பலவீனமான துண்டை வைத்துத்தான் எடைபோடுவார். ஐந்தாறு பேர் கொண்ட சிறிய குழுக்களில் எல்லாம் தெரிந்த ஆளுக்கு நிஜமாகவே மரியாதை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். கலப்புப் படிப்பில் சேருவதென்றால் ஒரு விஷயத்தை மட்டும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்: கடைசி ஆண்டு முழுவதையும் ஒரே துறையில் செலவழிக்க விடுவார்களா? விடுவார்கள் என்றால் பயப்பட வேண்டாம். எல்லாரும் எல்லாமும் செய்தாக வேண்டும் என்றால் நான் சேர மாட்டேன்.

பல்கலைக்கழகமே எதற்கு என்று கேட்பவர்களுக்கும் நியாயம் இருக்கிறது. முப்பரிமாண வேலைக்கான பிளெண்டர் 2002-லிருந்து திறமூல மென்பொருள், காசே வேண்டாம். முழுக்க அதிலேயே செய்த ஃப்ளோ என்ற லாட்வியப் படம் 2025-இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரை வாங்கியது. அதன் ரெண்டரும் கேம் எஞ்சின் பாணியில் உடனுக்குடன் வரையும் முறைதான். ஆகவே கருவிக்காகக் கல்லூரிக்குப் போக வேண்டியதில்லை. வாரந்தோறும் முகத்துக்கு நேரே வேலையைக் கிழிக்கும் விமர்சனம், தள்ளிப்போட முடியாத தேதி, பத்து ஆண்டு கழித்தும் போனை எடுக்கும் வகுப்புத் தோழர்கள் ஆகிய மூன்றும்தான் அங்கே வாங்கக் கிடைப்பவை. வேறொரு நாட்டில் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது பல இடங்களில் பட்டம் கேட்பார்கள் என்பது சலிப்பான, ஆனால் கனமான நாலாவது காரணம்.

வேலைச் சந்தையில் இரண்டும் ஒரே படகு. 2023, 2024 ஆண்டுகளில் கேம் நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் ஆட்களை வேலையை விட்டு அனுப்பின. அனிமேஷன் ஸ்டுடியோக்களும் சுருங்கின. துறை மாறுவது எவருக்கு எளிது என்று பார்த்தால், அசைவை நன்றாகக் கற்றவர் கேமுக்குப் போய் வாளின் ஓங்கலைச் சுருக்கக் கற்றுக்கொள்ளச் சில மாதம் போதும். மாடலிங்கிலேயே வளர்ந்தவர் பின்னால் நடிப்பைக் கற்றுக்கொள்வது அதைவிடக் கடினம். ஆனால் அவருக்குக் கட்டட வடிவமைப்புக் காட்சிகள், சினிமாவின் விஎஃப்எக்ஸ், மெய்நிகர் செட்டுகள் என்று வேறு கதவுகள் திறந்திருக்கும். அசைவா பொருளா என்று இன்னும் முடிவாகாதவர் அனிமேஷனில் சேர்ந்து எஞ்சினைப் பக்கத்தில் வைத்துப் பழகுவதே எனக்குச் சரியாகப்படுகிறது. பொருள்மீது பித்துப் பிடித்தவருக்கு இந்த அறிவுரை செல்லாது. துள்ளும் பந்து அவரைக் கொன்றுவிடும்.

இரண்டு வாரக் கடைசிகளை ஒதுக்குங்கள். முதலாவதில் பிளெண்டரில் ஒரு பந்தைத் துள்ளவிட்டு, அது பௌலிங் பந்து என்று நீங்கள் சொல்லாமலே பார்ப்பவர் புரிந்துகொள்ளும் வரை திருத்துங்கள். இரண்டாவதில் ஒரு பீப்பாயைச் செய்து எஞ்சினுக்குள் கொண்டுபோய் அதைச் சுற்றி நடந்து பாருங்கள். இரண்டுமே மட்டமாகத்தான் வரும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். அடுத்த செவ்வாய்க்கிழமை இரவு, யாரும் கேட்காமலே எந்த ஃபைலை மறுபடி திறக்கிறீர்கள் என்று கவனியுங்கள். பிறகு கல்லூரியின் பட்டக் கண்காட்சிக்குப் போங்கள். நுழைவாயிலில் பரிசு வாங்கிய வேலைகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். அதைத் தாண்டி உள்ளே, மூலையில், வெளிச்சம் குறைவாக இருக்கும் சுவரில் என்ன மாட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.