அம்மாவின் சர்க்கரையும் இரண்டு பாலிசிகளும்

அம்மாவுக்குச் சர்க்கரை வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. இரத்த அழுத்தத்துக்கும் தினம் ஒரு மாத்திரை. 2024 ஜூலையில் அவருக்கு மருத்துவக் காப்பீடு எடுக்கலாம் என்று உட்கார்ந்தபோது இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, என் அலுவலகக் குரூப் பாலிசியில் கூடுதல் பிரீமியம் கட்டி அவரைச் சேர்ப்பது. மற்றொன்று, அவர் பெயரிலேயே தனிநபர் பாலிசி எடுப்பது. இரண்டாவதைத்தான் எடுத்தோம். செலவு அதிகம், பலனும் தாமதம். இருந்தும் அதையே சரியென்று நினைக்கிறேன்.

இந்த முடிவைச் சுற்றியிருந்த சிக்கல் ஒன்றே ஒன்றுதான். காப்பீடு என்பது வருமா வராதா என்று தெரியாத செலவுக்கானது. பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதங்களுக்குள் மருத்துவர் கண்டறிந்த நோயும், ஆலோசனையோ சிகிச்சையோ தந்த நோயும் ‘முன்பே இருந்த நோய்’ என்ற கணக்கில் சேரும். அதற்கான செலவைக் காத்திருப்புக் காலம் முடியும்வரை நிறுவனம் ஏற்காது. அந்தக் காலத்தின் உச்சவரம்பைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஏப்ரலில் 48 மாதங்களிலிருந்து 36 மாதங்களாகக் குறைத்தது.

குரூப் பாலிசியின் பெரிய பலம் இங்கேதான். பெரும்பாலான அலுவலகத் திட்டங்களில் காத்திருப்பே கிடையாது. முதல் நாளிலிருந்தே சர்க்கரைக்கும் இதயத்துக்கும் பணம் கிடைக்கும். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்றால் யோசிக்காமல் அதில் சேர்த்துவிடுங்கள்; அந்தச் செலவைத் தனிநபர் பாலிசி தராது. ஆனால் அது என் வேலையோடு கட்டப்பட்ட பாலிசி. வேலை போனாலோ, அடுத்த ஆண்டு அலுவலகம் பெற்றோர் காப்பீட்டை நிறுத்தினாலோ, அன்றைக்கு அம்மாவுக்கு ஒன்றிரண்டு வயதும் ஒன்றிரண்டு நோயும் கூடியிருக்கும். அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற விதிகளில் இடம் உண்டு என்றாலும், அப்போது அவர் உடல்நிலையைப் பார்த்துத்தான் ஏற்பார்கள். நான் அப்படி மாறியதில்லை. மாறியவர்கள் சொல்வதைக் கேட்டுத்தான் சொல்கிறேன்.

கூடுதல் பணம் கட்டினால் காத்திருப்பைக் குறைக்கும் இணைப்புகளையும் தனிநபர் பாலிசியோடு சேர்த்து விற்கிறார்கள். எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பம் என்றால் தமிழக அரசின் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும், வயது 70 ஆகிவிட்டது என்றால் வருமானம் பார்க்காத, மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டு அட்டையும் இருக்கின்றன. இரண்டிலும் பழைய நோய்க்குத் தடையில்லை. எங்கள் வீடு இரண்டிலும் அடங்கவில்லை.

தனிநபர் பாலிசியில் எல்லாம் தொங்குவது, பாலிசி கேட்டு நிரப்பிக் கொடுக்கும் முன்மொழிவுப் படிவத்தின் ஒரு பக்கத்தில். ‘கடந்த காலத்தில் உங்களுக்கு இருந்த நோய்கள்’ என்ற அந்தப் பக்கத்தை நிரப்பும்போது முகவர் பேனாவைக் கையால் மறித்தார். “சர்க்கரையை எழுத வேண்டாம் சார், பிரீமியம் ஏறும். ஐந்து வருடம் ஓடிவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள்” என்றார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. 60 மாதங்கள் தொடர்ந்து புதுப்பித்த பாலிசியில், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, நோயை மறைத்தார் என்று காட்டிக் கிளெய்மை, அதாவது பணம் கேட்டு நாம் போடும் கோரிக்கையை, நிறுவனம் மறுக்க முடியாது. ஆனால் தெரிந்தே மறைப்பதை மோசடி என்று வாதிடுவது அவர்களுக்கு எளிது. அந்த 60 மாதங்களுக்குள் ஆஸ்பத்திரி போக நேர்ந்தால்?

எங்கள் தெருவில் ஒரு பெரியவருக்கு அதுதான் நடந்தது. நெஞ்சுவலியோடு சேர்த்தபோது அவசரப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். பெரியவரின் மனைவி பதற்றத்தில், “பத்து வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார்” என்றார். அது டிஸ்சார்ஜ் சம்மரியின் மூன்றாவது வரியாக ஏறியது. படிவத்தில் ‘இல்லை’ என்று டிக் செய்திருந்ததோடு அந்த வரியை ஒப்பிட்டு நிறுவனம் கிளெய்மை மறுத்தது. பாலிசியையும் ரத்து செய்தது. அந்த டிக்கைப் போட்டவர் முகவர். கையெழுத்து பெரியவருடையது. மருத்துவரிடம் உண்மையைச் சொன்னதற்காக அந்த அம்மா இன்றும் தன்னைத்தானே நொந்துகொள்கிறார் என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

அதனால் நான் எல்லாவற்றையும் எழுதினேன். சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் எத்தனை மில்லிகிராம், எந்த ஆண்டிலிருந்து, 2019-ல் மூன்று நாள் அட்மிட் ஆனது எதற்கு என்பது வரை. பிரீமியம் ஏறத்தான் செய்தது. ஆனால் எழுதியது காப்பாற்றும். அமெரிக்கப் பயணத்துக்காகப் பாலிசி எடுத்த ஒருவர் சர்க்கரை இருப்பதைப் படிவத்தில் சொல்லியிருந்தார். சான் பிரான்சிஸ்கோவில் போய் இறங்கியதும் இதய சிகிச்சை தேவைப்பட்டது. நிறுவனம் பணம் தர மறுத்தது. படிவத்தில் சொன்ன உடல்நிலையை எடைபோட்டுப் பாலிசி கொடுத்த பிறகு அதையே காட்டி மறுக்க முடியாது என்று 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது.

எழுதிய நோய்க்கும் எங்கள் பாலிசியில் 36 மாதம் காத்திருக்க வேண்டும். அது 2027 ஜூலையில் முடிகிறது. பாலிசியை வேறு நிறுவனத்துக்குப் போர்ட் செய்தாலும், அதாவது மாற்றிக்கொண்டாலும், கழிந்த மாதங்கள் கணக்கில் வரும். அதுவரை சர்க்கரை தொடர்பான செலவுக்கு வங்கியில் தனியாகக் கொஞ்சம் பணம் போட்டு வைத்திருக்கிறோம். பெரிய கிளெய்ம் எதையும் நாங்கள் இன்னும் போட்டதில்லை. பணம் எவ்வளவு விரைவாக வரும் என்று என்னால் உறுதி தர முடியாது.

ஒரு தவறு மட்டும் செய்தேன். தொடக்கத்தில் ஐந்து லட்சம் ரூபாய்க் காப்பீடு போதும் என்று எடுத்துவிட்டேன். பிறகு பத்தாக உயர்த்தினால், கூடுதல் ஐந்து லட்சத்துக்கு அந்த 36 மாதங்களும் உயர்த்திய நாளிலிருந்து புதிதாக எண்ணப்படும். அம்மாவுக்கு எடுக்கப்போகிறவர்கள் காப்பீட்டுத் தொகையை முதல் நாளே யோசித்து எழுதுங்கள்.