ஈஜிபுரா தூசியும் 125 சிசி ஸ்கூட்டரும்: கிளட்ச் நடுக்கம் பற்றி மட்டும்

2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான இருசக்கர வாகன ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியதும், "125 ஸ்கூட்டர் எடுக்கலாமா?" என்ற கேள்வி பெங்களூரில் நீலசந்திரா, ஆஸ்டின் டவுன், விவேக் நகர் பக்கம் அதிகமாகிவிட்டது. கேட்டவர்கள் எல்லோருக்கும் சேர்த்து இந்தப் பதில். மாடல் பெயர் வேண்டாம். முன்னால் 12 அங்குலச் சக்கரம், அதிர்வு தாங்கும் டெலஸ்கோப்பிக் ஃபோர்க், உள்ளே பெல்ட்டில் ஓடும் கியர்பாக்ஸ் என்று பெரும்பாலும் அண்ணன் தம்பி வண்டிகள்தான். டிக்கியில் எத்தனை ஹெல்மெட் போகும், விளக்கு எவ்வளவு வெளிச்சம் என்பதை யூடியூபில் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே பேச்சு ஒன்றே ஒன்றுதான்: நின்ற இடத்திலிருந்து நகரும்போது வருகிற அந்த நடுக்கம்.

சிக்னல் பச்சை விழுந்ததும் ஆக்ஸிலேட்டரை மெதுவாகத் திருகினால், 5 முதல் 15 கி.மீ. வேகத்துக்குள் வண்டி கிடுகிடுவென்று உதறும். கால் வைக்கும் தளம் அதிரும், கண்ணாடியில் பின்னால் வருகிறவர் இரட்டையாகத் தெரிவார். 20-ஐத் தாண்டினால் ஒன்றும் நடக்காதது போல ஓடும். சர்வீஸ் கவுன்டரில் சொன்னால், "பெல்ட் போயிருக்கும் சார், மாத்திடலாம்" என்று பில் புத்தகத்தைத் திறந்துவிடுவார்கள். இந்த அறிகுறிக்குப் பெல்ட் காரணமாக இருப்பது அபூர்வம்.

கியர் இல்லாத ஸ்கூட்டரில் இருப்பது மையவிலக்கு கிளட்ச். எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 2,500–3,000 சுற்றைத் தொடும் வரை கிளட்ச் ஷூக்கள் சுருங்கி நிற்கும். அதற்கு மேல் போனால் விரிந்து, சுற்றியிருக்கும் இரும்புக் கிண்ணத்தைப் பிடிக்கும். மெக்கானிக்குகள் அதைத்தான் பெல் என்பார்கள். பிடித்தவுடன் பூட்டிக்கொள்வதில்லை. கொஞ்ச தூரம் வழுக்கி, உராய்ந்து, வேகம் 15–20 வந்த பிறகுதான் முழுசாகப் பூட்டும். திறந்த சாலையில் இந்த உராய்வு இரண்டு மூன்று விநாடியில் முடிந்துவிடும்.

இப்போது இதை ஈஜிபுரா சிக்னலிலிருந்து கோரமங்களா கேந்திரிய சதன் வரை ஓட்டிப் பாருங்கள். அங்கே 2017-இல் தொடங்கிய இரண்டரை கிலோமீட்டர் மேம்பாலம், 2019-இல் முடிய வேண்டியது. 2022-இல் பழைய ஒப்பந்தம் ரத்து, 2023-இல் புது ஒப்பந்தம். இடையில் தூண்கள் மட்டும் தலையில் எதையும் சுமக்காமல் வருஷக்கணக்கில் நின்றன. நடுச்சாலையைத் தகரத் தடுப்பு எடுத்துக்கொண்டால், மிச்சத்தில் வண்டிகள் நடை வேகத்தில் நகரும். நடை வேகத்தில் கிளட்ச் ஒருபோதும் முழுசாகப் பூட்டாது. வழியில் உள்ள சோனி வேர்ல்டு சந்திப்பு வரை அரைத்துக்கொண்டே போகும். சூட்டில் ஷூவின் மேல்பூச்சு கண்ணாடி போல வழவழப்பாகும், பெல் நீலம் பாயும்.

இதோடு தூசி. பெல்ட்டைக் குளிர்விக்க முன்புறக் கப்பியில் ஒரு விசிறி உண்டு, அது வெளிக்காற்றை இழுக்கும். வெளிக்காற்றில் இருப்பது சிமென்ட் பொடி. அது உள்ளே போய் ஷூவின் மேல் திட்டுத்திட்டாகப் படிகிறது. திட்டு உள்ள இடத்தில் ஒரு பிடி, இல்லாத இடத்தில் வேறு பிடி என்பதுதான் அந்த உதறல். வெளிவட்டச் சாலையில் சில்க் போர்டு முதல் கே.ஆர்.புரம் வரை மெட்ரோ வேலை நடக்கும் பகுதியில் ஓடும் வண்டிகளுக்கும் இதே வியாதி.

கம்பெனி கையேடு சர்வீஸைக் கிலோமீட்டரில் சொல்கிறது. சராசரி 30 கி.மீ. வேகத்தில் 6,000 கி.மீ. என்றால் 200 மணி நேர ஓட்டம். சராசரி 10-இல் அதே 6,000 கி.மீ. 600 மணி நேரம். மீட்டர் ஒரே எண்ணைக் காட்டும், உள்ளே தேய்மானம் மூன்று மடங்கு. "இன்னும் சர்வீஸ் கிலோமீட்டரே வரலையே சார்" என்று திருப்பி அனுப்புகிறவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள். மேம்பால நிழலில் ஓடும் வண்டிக்குக் கையேட்டில் உள்ளதில் பாதி தூரத்திலேயே கிளட்ச் பக்கத்தைத் திறந்து பார்ப்பது நல்லது.

திறப்பது பெரிய வேலை இல்லை. இடது பக்க மூடியில் பெரும்பாலும் 8 மி.மீ. போல்ட்டுகள்தான், நீளம் வேறுபடும் என்பதால் கழற்றிய வரிசையிலேயே அட்டையில் குத்தி வையுங்கள். மூடியை எடுத்தால் பின்பக்கம் பெல். அதன் நடு நட்டைக் கழற்ற, பெல்லைப் பிடித்துக்கொள்ளும் ஹோல்டர் வேண்டும். அது இல்லையென்று முன் விசிறியின் இறக்கைக்குள் ஸ்க்ரூ டிரைவரைச் செருகினால் இறக்கை உடையும், பிறகு கப்பியின் முகத்தையே மாற்ற வேண்டும். பெல் கையோடு வந்துவிடும், ஷூக்கள் வண்டியிலேயே இருக்கட்டும். அந்த அசெம்பிளியின் பெரிய நட்டைத் தொடாதீர்கள். பின்னால் அழுத்தி வைத்த ஸ்பிரிங் இருக்கிறது. சரியான கருவி இல்லாமல் கழற்றினால் முகத்துக்கு நேராகப் பாயும்.

80 முதல் 120 நம்பர் உப்புத்தாளால் ஷூவின் பளபளப்பைக் குறுக்குவாட்டில் தேய்க்க வேண்டும், கறுப்பு மங்கி ஒரே சீராகத் தெரியும் வரை போதும். பெல்லின் உட்புறத்தையும் அதே தாளால் லேசாகத் தேய்த்து, பிரேக் கிளீனரால் துடைத்துக் காயவிடுங்கள். பொடியை வாயாலோ கம்பிரஸராலோ ஊத வேண்டாம், ஈரத் துணியால் துடையுங்கள். அது நுரையீரலுக்குப் போக வேண்டிய பொருள் இல்லை. ஷூக்களுக்கு இடையில் உள்ள மூன்று சின்ன ஸ்பிரிங்கில் ஒன்று தளர்ந்திருந்தாலும் மூன்றையும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் ஒரு ஷூ முந்திக்கொண்டு பிடிக்கும், உதறல் திரும்ப வரும். மேல்பூச்சு கையேட்டில் சொன்ன தடிமனுக்குக் கீழே போயிருந்தால் உப்புத்தாள் வீண், புது செட்தான்.

வெளி மெக்கானிக்கிடம் விட்டால் பக்கத்திலேயே நின்று, "அண்ணா, பெல்லைக் கழட்டி ஷூவைக் காட்டுங்க" என்று கேளுங்கள். மூன்று தப்பு வழக்கமாக நடக்கும். கிளட்சை மண்ணெண்ணெயில் கழுவுவார்கள்; எண்ணெய்ப் பிசுக்கு மேல்பூச்சில் ஊறி, கிளட்ச் வழுக்கும். மூடியின் ரப்பர் கேஸ்கெட்டைத் தவறாக உட்காரவைத்துப் பூட்டுவார்கள். அடுத்த மாதமே பழையபடி பொடி உள்ளே. மூன்றாவது, எண்ணெய்க் கசிவைப் பார்க்காமல் விடுவது. ஷூ ஈரமாக, கறுப்புப் பசையாக இருந்தால் குற்றவாளி தூசி இல்லை, எண்ணெய் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல். சீலை மாற்றாமல் ஷூவைத் தேய்த்துப் பயனில்லை.

ஓட்டும் கையும் கொஞ்சம் மாற வேண்டும். முன்வண்டி நகர்ந்த ஒரு முழத்துக்கு ஒரு முழம் உருட்டிக்கொண்டே போவதுதான் கிளட்சுக்கு எமன். நாலைந்து மீட்டர் இடைவெளி விழும் வரை ஆக்ஸிலேட்டரை முழுசாக விட்டு நின்று, பிறகு ஒரே தெளிவான திருகலில் நகருங்கள். பின்னால் இருப்பவர் ஹாரன் அடிப்பார், அந்த இடைவெளியில் ஒரு ஆட்டோ நுழையும். நுழையட்டும், ஆட்டோக்காரர் உங்கள் கிளட்ச் பில்லைக் கட்டப்போவதில்லை. மேட்டில் பிரேக்குக்குப் பதிலாக ஆக்ஸிலேட்டரில் வண்டியை நிறுத்தி வைக்கும் பழக்கத்தை அறவே விடுங்கள். நின்றால் தானாக எஞ்சினை அணைக்கும் வசதி நீண்ட சிவப்பு விளக்கில் அருமை, ஊர்ந்து போகும்போது தொல்லை. அந்தப் பகுதியில் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

மற்றவை சுருக்கமாக. எண்ணெய் தடவிய காகித ஏர் ஃபில்டரை ஊதிச் சுத்தம் செய்யக் கூடாது, சீக்கிரமே மாற்றுங்கள். தளக் கம்பி கட்டும் கட்டுக்கம்பித் துண்டுதான் இந்தப் பக்கத்துப் பஞ்சருக்கு முதல் காரணம். வாரம் ஒருமுறை பின் டயரை விரலால் தடவிப் பாருங்கள். ஒயிட் டாப்பிங் என்று தார்ச் சாலை மேல் போட்ட கான்கிரீட்டின் ஓரம் சில இடங்களில் முக்கால் சாண் உயரத்துக்கு நிற்கும். அதைச் சாய்வாக ஏற முயன்றால் சின்னப் பின்சக்கரம் வழுக்கிக்கொண்டு போகும். நேராக ஏறுங்கள், முடியாவிட்டால் ஏறாதீர்கள். மழையில் குழியை மூடிய இரும்புத் தகட்டின் மேல் பிரேக் வேண்டாம்.

எதிர்பாராத சந்தோஷம் ஒன்று உண்டு, முன் ஃபோர்க். சுரண்டிப் போட்ட தார், ஜல்லி, மூடாத கேபிள் பள்ளம் எல்லாவற்றையும் 12 அங்குலச் சக்கரத்தோடு சேர்ந்து விழுங்குகிறது, மணிக்கட்டு வலிப்பதில்லை. ஃபோர்க் குழாயில் ஒட்டும் சிமென்ட் சேற்றை அன்றன்றைக்கே துடைத்தால் ஆயில் சீலும் நிற்கும். எஞ்சினைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாரம் ஏற்றினாலும் முனகாது. நியாயமாகப் பேசினால், இந்த விலையில் குடும்பத்துக்கு இதைவிட நம்பகமான வண்டி கிடையாது.

ஆனாலும் தினமும் ஈஜிபுரா வழியாகக் கோரமங்களா போகிறவர் கேட்டால் பதில்: எடுக்காதீர்கள். அந்தப் பாலம் முழுசாகத் திறக்கும் வரை கிளட்ச் உள்ள எந்த வண்டியும் அங்கே தண்டம். பெரும்பாலான மின்சார ஸ்கூட்டரில் உரசித் தேயும் கிளட்சே இல்லை, ஜிஎஸ்டியும் 5 சதவீதம்தான். எலக்ட்ரானிக் சிட்டி போகிறவருக்கு 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் மெட்ரோ இருக்கிறது; சில்க் போர்டு நிலையம் வரை போய்ச் சேர்வதுதான் பாடு.

அப்படியும் இந்தப் பகுதியில் பழைய 125 ஒன்றைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், காலையில் குளிர்ந்த எஞ்சினில் ஓட்டிப் பார்த்து ஏமாறாதீர்கள். உதறல் சூட்டில்தான் காட்டும். பத்து நிமிடம் நெரிசலில் ஓட்டி, ஒரு சின்ன மேட்டில் நிறுத்தி, பின்னால் ஒருவரை உட்காரவைத்து மெதுவாக நகர்த்துங்கள். உதறினால் கிளட்ச் செட், பெல், கூலி மூன்றையும் விலையில் கழித்துக்கொண்டு பேசுங்கள். விற்கிறவர் மூடியைத் திறந்து காட்ட மறுத்தால் அடுத்த வண்டியைப் பாருங்கள்.