‘புழுவற்ற பன்றிக்குட்டி’ வாங்கப் போகிறவர்கள் அறிக்கையில் வயதைப் பாருங்கள்

‘மேய்ச்சலில் பிறந்தவை, மருந்து படாதவை, புழுவற்றவை’ என்ற விளம்பரத்தைப் பார்த்துப் பன்றிக்குட்டிக்கு முன்பணம் கட்டப் போகிறவர்கள் சற்றுப் பொறுக்கவும். தென்காசிப் பக்கம் தென்னந்தோப்பில் மின்வேலி போட்டு வெண்பன்றி வளர்க்கலாம் என்று இறங்கிய நான், சந்தை விலைக்கு மேல் கொடுத்து இப்படிப்பட்ட குட்டிகளைத்தான் வாங்கினேன். பண்ணையின் பெயர் வேண்டாம். அவர்கள் செய்த வித்தையை எந்தப் பண்ணையும் செய்யலாம் என்பதால் அதை மட்டும் சொல்கிறேன்.

குட்டிகளோடு ஒரு சாணப் பரிசோதனை அறிக்கை கொடுத்தார்கள். முத்திரை, கையெழுத்து எல்லாம் சரி. ‘புழு முட்டைகள் காணப்படவில்லை’ என்று எழுதியிருந்தது. அதில் பொய்யே இல்லை. வயது என்ற இடத்தில் ‘40 நாள்’ என்று இருந்ததே, வித்தை அங்கேதான்.

பன்றிக்கு வரும் உருண்டைப் புழுவின் முட்டையைக் குட்டி விழுங்கினால், குடலில் பொரிக்கும் இளம்புழு முதலில் கல்லீரலுக்கும் அங்கிருந்து நுரையீரலுக்கும் போகிறது. இருமலோடு தொண்டைக்கு வந்து, மறுபடி விழுங்கப்பட்டுச் சிறுகுடலில் வளர்கிறது. அது முட்டையிடத் தொடங்க ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். பிறந்த அன்றே முட்டையை விழுங்கிய குட்டியின் கழிவில்கூட 40 நாளில் ஒரு முட்டையும் தெரியாது. எந்தக் குட்டியைச் சோதித்தாலும் அந்த வயதில் இந்தப் புழுவைப் பொறுத்தவரை இந்த அறிக்கைதான் கிடைக்கும்.

இரண்டு மாதக் குட்டிகளாக வந்து இறங்கின. மயிர் சிலிர்த்து, வயிறு மட்டும் உப்பி, தீவனம் தின்றும் எடை ஏறவில்லை. ஓடவிட்டால் இருமின. மூன்று வாரம் கழித்து ஒன்று செத்தது. கால்நடை மருத்துவர் தோப்பிலேயே அறுத்துப் பார்த்தார். தோலுக்கடியில் மஞ்சள் பாரித்திருந்தது. கல்லீரல் முழுக்கச் சுண்ணாம்பு தெளித்ததுபோல் வெள்ளைப் புள்ளிகள். சிறுகுடலைக் கீறியதும் ஒரு சாண் நீளப் புழுக்கள் கொத்தாக வழிந்தன. பித்தநாளத்துக்குள் ஒரு புழு நுழைந்து அடைத்திருந்தது. மஞ்சளுக்குக் காரணம் அதுதான்.

படம் எடுத்து அனுப்பினேன். “உங்கள் மண்ணில் இருந்த புழு ஐயா, நாங்கள் என்ன செய்ய முடியும்?” என்றார் பண்ணைக்காரர். இந்தப் பதிலைக் குறித்துக்கொள்ளுங்கள், உங்களுக்கும் இதேதான் வரும். மூன்று வாரத்தில் சாண் நீளப் புழு வளராது. முட்டை வயிற்றுக்குள் போய் இரண்டு மாதமாவது ஆகியிருக்க வேண்டும், அதாவது அவர் பண்ணையிலேயே போயிருக்கிறது. போதாக்குறைக்கு என் தோப்பில் அதற்கு முன் பன்றியே நின்றதில்லை. இதை எடுத்துச் சொன்னதும், மேய்ச்சல் பன்றிக்கு இயற்கையிலேயே எதிர்ப்பாற்றல் வந்துவிடும் என்று தொடங்கி, ஒரு மூலிகைக் கரைசலைக் காசுக்கு விற்கப் பார்த்தார். புட்டியில் உரிம எண்ணும் இல்லை, உள்ளே என்ன இருக்கிறது என்றும் இல்லை.

மிஞ்சிய குட்டிகளுக்கு மருத்துவர் பென்பென்டசோல் என்ற குடற்புழு மருந்தைக் கொடுத்தார். ஒரு வேளையோடு விடாமல், சில நாள் தொடர்ந்து தீவனத்தில் கலக்கச் சொன்னார். சாட்டைப் புழு என்ற இன்னொரு குடற்புழுவும் இருந்தால் ஒரு வேளை மருந்துக்கு அது போகாதாம். குட்டிகள் தேறிவிட்டன. தேறாதது தோப்புதான். ஒரு பெண்புழு நாளொன்றுக்குப் பல லட்சம் முட்டையிடும். தடித்த ஓடுள்ள அந்த முட்டை மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சாதாரணக் கிருமிநாசினிக்கு அசையாது. மனிதருக்கும் தொற்றும் என்பதால் பேரப்பிள்ளைகளை அந்தப் பக்கம் விளையாட விடுவதில்லை. குட்டிகள் இப்போது சிமென்ட் தரைக் கொட்டகையில் நிற்கின்றன. மின்வேலிக்குப் போட்ட பணம் தோப்பில் சும்மா கிடக்கிறது.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், உங்களுக்கு விற்கும் குட்டியின் அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டு, அதே பண்ணையில் நிற்கும் மூன்று, நான்கு மாதப் பன்றிகளின் கழிவைக் கேட்டு வாங்குங்கள். புழு இருந்தால் பெரும்பாலும் அந்த வயதில்தான் முட்டை கொட்டும். கண்முன்னே எடுத்து, நீங்களே மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவில் கொடுங்கள். எடுக்க விடவில்லை என்றால் வண்டியைத் திருப்பிவிடலாம். தாய்ப் பன்றிக்கு ஈனுவதற்கு முன் குடற்புழு நீக்கம் செய்தார்களா, மருந்து வாங்கிய சீட்டு இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். வந்த குட்டிகளை மண்ணில் விடாமல் சிமென்ட் தரையில் தனியாக நிறுத்தி, மருந்து கொடுத்து, இரண்டு மாதம் கழித்து மறுபடி சோதித்த பிறகு தோப்பில் விடுங்கள்.

ரசீது விஷயம் ஒன்று. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருந்த ‘புழுவற்றவை’ என்ற சொல், எனக்குக் கொடுத்த ரசீதில் இல்லை. ‘வெண்பன்றிக் குட்டிகள்’ என்று மட்டும் எழுதியிருந்தார்கள். சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கியவரும் நுகர்வோர்தான் என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்வதால், விளம்பரத்தின் படத்தையும் மருத்துவரின் பிரேதப் பரிசோதனைக் குறிப்பையும் வைத்து மாவட்ட ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். நீங்கள் வாங்கும்போது அந்தச் சொல்லை ரசீதிலேயே எழுதச் சொல்லிவிடுங்கள்.