டிஸ்ட்ரிபியூட்டரா, ரிச்சி தெருவா, இணையமா: மாவட்டக் கணினி டீலரின் கொள்முதல் கணக்கு

மதுரை, ஈரோடு, நாகர்கோவில் போன்ற ஊர்களில் கணினிக் கடை நடத்துபவருக்குச் சரக்கு எடுக்க இன்று மூன்று வழிகள் இருக்கின்றன. ரெடிங்டன், இன்கிராம் மைக்ரோ, ராஷி பெரிஃபெரல்ஸ், சேவக்ஸ் போன்ற தேசிய விநியோக நிறுவனங்களில் (டிஸ்ட்ரிபியூட்டர்) கணக்குத் தொடங்கி நேரடியாக வாங்கலாம். சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவிலும் நரசிங்கபுரம் தெருவிலும் இருக்கும் மொத்த வியாபாரிகளிடம் எடுக்கலாம். அமேசான் பிசினஸ் போன்ற தளங்களில் ஜிஎஸ்டி எண்ணைப் பதிந்து ஆர்டர் போடவும் செய்யலாம். எதில் விலை குறைவு என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: விலை சரிந்தால், பெட்டி பழுதாக வந்தால், வாடிக்கையாளர் பணம் தராமல் இழுத்தடித்தால், அந்த நட்டம் யார் தலையில் விழும்? மூன்று வழிகளும் உண்மையில் பிரிவது இந்த இடத்தில்தான்.

பெரிய விநியோக நிறுவனங்களின் பொருளாதாரத்தைப் புரிந்துகொண்டால் அவர்களிடம் எதைப் பேரம் பேசலாம், எதைப் பேச முடியாது என்பது தெளிவாகிவிடும். 1993-இல் இந்தியாவில் தொழில் தொடங்கிய ரெடிங்டன், சென்னை கிண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு மேற்கு ஆசியா, ஆப்பிரிக்கா வரை பரவியிருக்கிறது. 2023-24 நிதியாண்டில் அதன் வருவாய் ₹89,000 கோடியைத் தாண்டியது, நிகர லாபமோ ₹1,200 கோடியை ஒட்டித்தான் இருந்தது. அதாவது நூறு ரூபாய்க்குச் சரக்கு விற்றால் கையில் நிற்பது ஒன்றரை ரூபாய்கூட இல்லை. 1979-இல் கலிபோர்னியாவில் முளைத்து, 2004-இல் டெக் பசிபிக்கை வாங்கியதன் மூலம் இந்தியாவில் வேரூன்றிய இன்கிராம் மைக்ரோவுக்கும், 1989-இல் மும்பையில் தொடங்கி 2024 பிப்ரவரியில் பங்குச் சந்தைக்கு வந்த ராஷிக்கும் இதே விதிதான். இவ்வளவு மெல்லிய லாபத்தில் ஓடுகிற நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதியிடம் ஒரு லேப்டாப்புக்கு ஆயிரம் ரூபாய் குறைக்கச் சொல்லிக் கேட்பது வீண். அவர் தரக்கூடியவை வேறு: கடன் நாட்கள், கடன் வரம்பு, காலாண்டு இறுதியில் டார்கெட் முடிக்கத் தவிக்கும்போது ஒரு கூடுதல் ஸ்கீம் (ஊக்கச் சலுகை), பிராண்டிடம் பேசி வாங்கித் தரும் ஸ்பெஷல் பிரைஸ்.

கடன் நாட்களின் மதிப்பைப் பலர் குறைத்தே எடைபோடுகிறார்கள். வரியோடு சேர்த்து ₹50,000-க்கு வரும் ஒரு லேப்டாப்பை எடுத்துக்கொள்வோம். டிஸ்ட்ரிபியூட்டர் 30 நாள் கடனில் தருகிறார்; ரிச்சி தெருவில் அதே மாடல் ரொக்கத்துக்கு ₹400 குறைவாகக் கிடைக்கிறது. கடைக்காரர் வங்கியில் 12 சதவீத வட்டிக்கு ஓவர்டிராஃப்ட் கடன் வைத்திருப்பவராக இருந்தால், அந்த ஐம்பதாயிரத்துக்கு ஒரு மாத வட்டியே ஏறத்தாழ ₹500. பார்சல் கூலியைச் சேர்க்காமலே நூறு ரூபாய் நட்டம். இந்த விலையில் உள்ள லேப்டாப்பில் டீலருக்கு நிற்பது பெரும்பாலும் ஓரிரு ஆயிரத்தைத் தாண்டாது என்னும்போது, அந்த நூறு ரூபாயும் கணக்கில் வைக்க வேண்டிய தொகைதான். பள்ளிக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ இருபது இயந்திரங்கள் கொடுத்துவிட்டு 45 நாள் காத்திருக்கும் கடைக்கு இந்த வித்தியாசம் இன்னும் பெரிது.

ஆனால் அந்தக் கடன் சும்மா வருவதில்லை. கணக்குத் தொடங்கும்போது பின்தேதியிட்ட செக்குகள், சில சமயம் வங்கி உத்தரவாதம், முந்தைய ஆண்டுகளின் வரிக் கணக்குகள் எல்லாம் கேட்பார்கள். கெடு தாண்டி ஒரு பில் நிலுவையில் நின்றால் கணக்கு லாக் ஆகிவிடும். மறுநாள் காலை அவசரமாக ஒரு பிரிண்டர் தேவைப்பட்டாலும் பில் ஆகாது, தெரிந்த பிரதிநிதி எவ்வளவு கெஞ்சினாலும் கடன் பிரிவு மசியாது. அதனால் ஒரே நிறுவனத்தை நம்பியிராமல் இரண்டு இடங்களிலாவது கணக்கு வைத்திருப்பது நல்லது. எல்லா பிராண்டும் எல்லோரிடமும் கிடைப்பதில்லை என்பதும் இதற்கு இன்னொரு காரணம். மதர்போர்டு, கிராஃபிக்ஸ் கார்டு போன்ற உதிரிகளில் ராஷியின் கை ஓங்கியிருக்கும். ஆப்பிளுக்கோ பெரிய நெட்வொர்க்கிங் சாதனங்களுக்கோ வேறு கதவைத் தட்ட வேண்டும்.

டிஸ்ட்ரிபியூட்டர் வழியில் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய இடம் ஸ்கீம். ‘பத்துப் பெட்டி எடுத்தால் ஒன்றுக்கு ₹800 பேக்-எண்ட்’ (பிறகு வந்து சேரும் தள்ளுபடி) என்று பிரதிநிதி சொன்னதும், அந்த எண்ணூறைக் கழித்து வாடிக்கையாளருக்கு விலை சொல்லிவிடுகிற டீலர்கள் இருக்கிறார்கள். அந்தத் தொகை கிரெடிட் நோட்டாக வந்து சேர இரண்டு, மூன்று மாதங்கள் ஆகலாம். இலக்கில் ஒரு பெட்டி குறைந்தால் வராமலே போகலாம். விற்ற சீரியல் எண்களைப் பிராண்டின் தளத்தில் குறித்த நாளுக்குள் பதியவில்லை என்றாலும் கிளெய்ம் தள்ளுபடி ஆகும். பிரதிநிதி அதற்குள் வேறு நிறுவனத்துக்கு மாறியிருந்தால், வாய்மொழியாகச் சொன்ன ஸ்கீமுக்குச் சாட்சியும் இருக்காது. மின்னஞ்சலில் வராத ஸ்கீமை விலையில் கணக்கிடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

விலைச் சரிவு வரும்போது நிலைமை தலைகீழாகிறது. ஒரு மாடலின் விலையைப் பிராண்ட் குறைத்தால், தேசிய விநியோகஸ்தரின் கிடங்கில் தேங்கியிருக்கும் சரக்குக்கு ஒப்பந்தப்படி இழப்பீடு கிடைக்க வழியுண்டு. அதன் கீழே இருக்கும் டீலருக்கு, அண்மையில் வாங்கியது, சீரியல் எண் சரியாக இருப்பது என்ற நிபந்தனைகளோடு கொஞ்சம் கசியும். ரிச்சி தெருவில் எடுத்த சரக்குக்கு அந்தப் பேச்சே இல்லை. வாங்கிய நிமிடம் முதல் சரிவு முழுவதும் வாங்கியவருடையது. ஆகவே ஷெல்ஃபில் ஒரு மாதத்துக்கு மேல் நிற்கக்கூடிய லேப்டாப், பிரிண்டர் வகைகளை டிஸ்ட்ரிபியூட்டர் பில்லில் எடுப்பதே பாதுகாப்பு.

இதையெல்லாம் படித்துவிட்டு ரிச்சி தெருவை ஒதுக்கிவிடலாம் என்று நினைத்தால் அது தவறாகும். பழுதான பெட்டியை மாற்றுவதை எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரிடம் வாங்கிய மானிட்டர் திறந்ததும் எரியவில்லை என்றால், பிராண்டின் சேவை மையத்தில் பதிந்து, பொறியாளர் வந்து பார்த்து, டிஓஏ (வரும்போதே பழுது) சான்று தந்து, அதை அனுப்பி, மாற்றுப் பெட்டி வருவதற்குள் வாடிக்கையாளர் கடைக்கு நான்கு முறை நடந்திருப்பார். ரிச்சி தெருவில் பழக்கமான கடையாக இருந்தால், கவுண்டரிலேயே மாட்டிப் பார்த்து அப்போதே வேறு கொடுத்துவிடுவார்கள். பத்து எஸ்எஸ்டி, ஐந்து எஸ்எம்பிஎஸ், இரண்டு மதர்போர்டு, ஒரு கட்டு கேபிள் என்று கலந்து வாங்கும் உதிரிக் கொள்முதலுக்கு அதைவிட வேகமான இடம் தமிழ்நாட்டில் கிடையாது. காலையில் வாட்ஸ்அப்பில் பட்டியல் அனுப்பினால், இரவு ஆம்னி பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள்.

தட்டுப்பாட்டுக் காலத்தில் இரண்டு வழிகளும் இரண்டு விதமாக நடந்துகொள்கின்றன. 2011 அக்டோபரில் தாய்லாந்து வெள்ளத்தில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் தொழிற்சாலைகள் மூழ்கியபோது ஹார்ட் டிஸ்க் விலை சில வாரங்களிலேயே தாறுமாறாக ஏறியது. 2025 இறுதியில் ஏஐ டேட்டா சென்டர்களின் தேவை மெமரி உற்பத்தியை இழுத்துக்கொண்டபோது ரேம் விலைக்கும் அதேதான் நேர்ந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் விநியோக நிறுவனம் தன்னிடம் தொடர்ந்து வாங்கியவர்களுக்கு அலொகேஷன் முறையில் பங்கிட்டுக் கொடுக்கும், எண்ணிக்கை போதாது என்றாலும் விலை ஓரளவு நிதானமாக இருக்கும். தெருவில் சரக்குக் கிடைக்கும், ஆனால் காலையில் சொன்ன விலை மாலையில் இருக்காது. ஆண்டு முழுவதும் தெருவிலேயே வாங்கிவிட்டுத் தட்டுப்பாட்டின்போது மட்டும் டிஸ்ட்ரிபியூட்டரிடம் போய் நிற்பவருக்கு அலொகேஷனில் இடம் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

தெருவில் வாங்கும்போது பில்லையும் பெட்டியையும் சோதிக்கும் பழக்கம் வேண்டும். முன்பு சொன்ன ஐம்பதாயிரத்தில் பொருளின் மதிப்பு ₹42,373, ஜிஎஸ்டி ₹7,627. விற்றவர் தன் கணக்கைத் தாக்கல் செய்யாமல் விட்டால் அந்தப் பில், நம் கொள்முதல் பில்களைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையில் ஏறாது. ஏறாத பில்லுக்கு உள்ளீட்டு வரவு (வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்வது) எடுக்க 2022 ஜனவரி முதல் சட்டத்தில் இடமில்லை. நானூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் ஏழாயிரத்தைத் தொலைப்பது இப்படித்தான். பெட்டியைப் பொறுத்தவரை, இன்டெல் புராசசரைச் சில்லறைப் பெட்டியில் வாங்கினால் மூன்றாண்டு வாரண்டியை நிறுவனமே தரும். சில்லறைப் பெட்டியில்லாமல் வரும் டிரே புராசசருக்கு விற்றவர்தான் பொறுப்பு. விலை வித்தியாசம் எதனால் வந்தது என்று அங்கேயே புரிந்துவிடும். ஹார்ட் டிஸ்க்கின் சீரியல் எண்ணை உற்பத்தியாளரின் வாரண்டி பக்கத்தில் தட்டிப் பார்த்தால், அது வேறு நாட்டுச் சந்தைக்கு அனுப்பப்பட்டதா, கணினி நிறுவனத்துக்கு மொத்தமாக விற்கப்பட்டதா என்பது தெரியும். பணம் கொடுப்பதற்கு முன்பே கைபேசியில் இதைப் பார்த்துவிட வேண்டும். நேர்மையான வியாபாரி இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

இணையத் தளங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தீபாவளி நேரத்தில் சில மாடல்கள் டீலர் விலையைவிடக் குறைவாக அங்கே கிடைப்பது உண்மை, அது கடைக்காரர்களின் நியாயமான ஆதங்கமும்கூட. ஆனாலும் ஒருவருக்கு ஒன்றிரண்டுதான் என்ற வரம்பு, வாரண்டி தேதி நம் கொள்முதல் நாளிலிருந்தே ஓடத் தொடங்கும் சிக்கல், பட்டியலில் எந்த விற்பனையாளர் இருக்கிறார் என்பது ஆர்டருக்கு ஆர்டர் மாறுவது ஆகியவற்றைப் பார்த்தால், அதை நிரந்தரக் கொள்முதல் வழியாகக் கொள்ள முடியாது. உள்ளூரில் கிடைக்காத ஒரு டாக்கிங் ஸ்டேஷனுக்கோ அபூர்வமான அடாப்டருக்கோ போதும்.

அரசு டெண்டர், அரசுக் கொள்முதலுக்கான ஜெம் தளம், கல்லூரிக் கொள்முதல் என்று வந்தால் ஒப்பீடே தேவையில்லை. உற்பத்தியாளரின் அங்கீகாரக் கடிதம் இல்லாமல் பெரும்பாலான டெண்டர்களில் உள்ளே நுழைய முடியாது. அந்தக் கடிதமும் ஸ்பெஷல் பிரைஸும் பிராண்டின் அதிகாரபூர்வச் சங்கிலிக்குள் இருப்பவருக்கே கிடைக்கும். டீலைப் பிராண்டிடம் முதலில் பதிந்தவருக்குத்தான் நல்ல விலை என்பதால், விசாரணை வந்த அன்றே பதிவது முக்கியம்.

மென்பொருளில் கணக்கு வேறு மாதிரிப் போகிறது, அபாயமும் அங்கேதான் மறைந்திருக்கிறது. மலிவு விலையில் கிடைக்கும் விண்டோஸ், ஆஃபீஸ் கீகளை (உரிம எண்களை) எங்கே வாங்கினாலும் சரி, அவை பெரும்பாலும் ஏதோ ஒரு நிறுவனத்தின் மொத்த உரிமத்திலிருந்தோ பழைய இயந்திரத்திலிருந்தோ கழன்று வந்தவை. ஆறு மாதம் கழித்துச் செயலிழந்தால் வாடிக்கையாளர் வந்து நிற்பது நம் கடை வாசலில். ஆன்டிவைரஸ் பெட்டிகளைத் தெருவில் வாங்கலாம், அதில் பெரிய ஆபத்தில்லை. வணிக வாடிக்கையாளருக்கான மென்பொருளை விநியோக நிறுவனம் வழியாகவே எடுக்க வேண்டும்.

அதிலும் ஒரு பொறி உண்டு. மைக்ரோசாஃப்டின் பழைய ஓப்பன் லைசென்ஸ் 2022 தொடக்கத்தோடு நின்றுபோய், சிறு டீலர்கள் டிஸ்ட்ரிபியூட்டர் மூலம் சந்தா விற்கும் முறை நிலைபெற்றது. ஓராண்டு ஒப்பந்தத்தை ஏழு நாட்களுக்குள் ரத்து செய்யாவிட்டால் ஆண்டு முழுவதும் கட்டியே ஆக வேண்டும். மாத ஒப்பந்தத்தை எந்த மாத முடிவிலும் நிறுத்தலாம், ஆனால் விலை 20 சதவீதம் கூடுதல். ஓராண்டு ஒப்பந்தத்தை மாதத் தவணையாகக் கட்டுவதற்கும் 2025 ஏப்ரல் முதல் 5 சதவீதம் ஏற்றிவிட்டார்கள். நாற்பது பேர் வேலை செய்யும் ஓர் அலுவலகத்துக்கு இப்படி மாதத் தவணையில் ஆளுக்கு ₹800 வீதம் கொடுக்கிறோம் என்று வைத்துக்கொண்டால், மாதப் பில் ₹32,000. ஐந்து சதவீத லாபத்தில் நமக்கு நிற்பது ₹1,600. நான்காம் மாதத்தில் அந்த அலுவலகம் மூடப்பட்டால் மீதி எட்டு மாதத்துக்கான ஏறத்தாழ இரண்டரை லட்சத்தை டிஸ்ட்ரிபியூட்டர் நம்மிடம்தான் கேட்பார், நம் கடன் வரம்பையும் அதற்காகவே முடக்குவார். வன்பொருளில் பெட்டியையாவது திரும்ப எடுத்து வரலாம், சந்தாவில் எடுத்துவர எதுவும் இல்லை.

வரிப் பிடித்தமும் கவனிக்க வேண்டியது. மென்பொருள் உரிமத் தொகையை ராயல்டியாகக் கருதி வாடிக்கையாளரின் கணக்கர் 10 சதவீத டிடிஎஸ் பிடித்தால், நம் லாபத்தைப் போல இரு மடங்கு தொகை ஆண்டு முடியும்வரை வருமான வரித் துறையிடம் மாட்டிக்கொள்ளும். விற்பனைச் சங்கிலியில் நமக்கு மேலே உள்ள ஒருவர் ஏற்கெனவே வரி பிடித்துக் கட்டிய, மாற்றம் எதுவும் செய்யாத மென்பொருளுக்கு மறுவிற்பனையில் மீண்டும் பிடிக்கத் தேவையில்லை என 2012-இல் வந்த அறிவிப்பு விலக்கு தந்தது. அதற்கான உறுதிமொழிக் கடிதத்தைப் பில்லோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரிடம் வாங்கியிருந்தால் அவர்களின் கடிதத்தைக் காட்டி நம்முடையதைத் தரலாம். தெருவில் வாங்கிய உரிமத்துக்கு இந்தக் காகிதச் சங்கிலி பெரும்பாலும் கிடைப்பதில்லை. சந்தா கேட்கும் புதிய வாடிக்கையாளரிடம் ஓராண்டுத் தொகையை முன்கூட்டியே கேளுங்கள், தயங்கினால் 20 சதவீதம் கூடுதலான மாத ஒப்பந்தத்தைக் கொடுங்கள், இரண்டுக்கும் உடன்படாதவரின் ஆர்டரைப் பக்கத்துக் கடைக்கு விட்டுவிடுங்கள்.